ஜெராக்ஸ் அக்கா பேசாத சாலை

எங்கள் பேருந்து நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்மணி பேச ஆரம்பித்தால், இயந்திரம் நின்ற பிறகும் நிறுத்தமாட்டார். சிட்டா நகல் எடுக்கப் போனால் யாருடைய பட்டாவில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் திரும்ப முடியும். ஆதாரில் முகவரி மாற்றப் போனால் பழைய முகவரியில் என்ன சண்டை என்று கேட்பார். ஊரில் அவருக்கு ஜெராக்ஸ் அக்கா என்று பெயர். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் நாளிதழில் மாவட்டப் பக்கம் பார்த்து ஓய்வு பெற்றவன். செய்தியாளர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு வரும் தகவல் அளவுக்கு அவர்களில் ஒருவருக்கும் வந்ததில்லை.

அந்தப் பெண்மணி வாரத்தில் ஒரு முறை, ஞாயிறு காலையில், ஒரு குறிப்பிட்ட சாலையில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். நான் எழுத வந்தது அதைப் பற்றி.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், கும்பகோணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சுற்றியுள்ள ஊர்களுக்குப் பொதுவான கத்தோலிக்கப் பங்குக் கோயில் இங்கேதான். வடிகாலுக்கு அந்தப் பக்கம், வயல்களுக்கு நடுவில், அக்கா குடியிருக்கும் சிற்றூர். அங்கே ஓட்டுக் கூரை போட்ட ஒரு சிறிய கோயில் உண்டு. பங்கில் இதுபோல் இன்னும் சில ஊர்கள் இருக்கின்றன, பாதிரியாரோ ஒருவர்தான். அதனால் சிற்றூரில் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பூசை. மற்ற ஞாயிறுகளில் ஊர்க்காரர்களே கூடி வழிபாடு நடத்துவார்கள். பாட்டு, பைபிள் வாசகம், அதைப் பற்றி ஒருவர் சொல்லும் சிந்தனை, மன்றாட்டு. பாதிரியாரின் நாற்காலி பீடத்துக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும். யாரும் அதில் உட்காரமாட்டார்கள், பை கூட வைக்கமாட்டார்கள். கடைசியில் எல்லோருக்கும் நன்மை கொடுக்கப்படும். நன்மை என்பது பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம். அது கிறிஸ்துவின் உடல் என்பது எங்கள் விசுவாசம். பங்குக் கோயிலிலிருந்து அதை எடுத்துப்போகிறவர் ஜெராக்ஸ் அக்கா. துறவியோ கன்னியரோ அல்ல, குடும்பப் பெண். பயிற்சி எடுத்து, ஆயரின் அனுமதி பெற்று இந்தப் பணியைச் செய்கிறார்.

காலைப் பூசை முடிந்ததும் பாதிரியார் ஒரு சிறிய உலோகச் சிமிழில் நன்மையை வைத்து மூடிக் கொடுப்பார். அக்கா அதை வெள்ளைப் பைக்குள் வைத்துக் கழுத்தில் மாட்டி, முந்தானையால் மூடிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறுவார். அங்கிருந்து சிற்றூர்க் கோயிலின் பீடத்தில் அதை வைக்கும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். தலையைக் கூட ஆட்டமாட்டார். அப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. பாதிரியாரும் சொல்லவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"தூங்குற புள்ளையத் தூக்கிட்டுப் போறப்ப ஊர்க்கதை பேசுவமா சார்?" என்றார்.

எனக்கு வியப்பு அக்காவின் மௌனத்தில் மட்டும் இல்லை. அந்தச் சாலையில் கிறிஸ்தவக் கடை ஒன்றுகூட இல்லை. முதலில் டீக்கடை. ஞாயிறு காலை முழுக்க அங்கே பழைய சினிமாப் பாட்டு அலறும். ஸ்கூட்டி முச்சந்தி திரும்புவதைப் பார்த்ததும் மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருக்கும் டீயோடு கையை நீட்டிப் பாட்டை நிறுத்துவார். ஸ்கூட்டி கடந்த பிறகு திரும்பப் போடுவார். அடுத்தது பாயின் டயர் கடை. துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஏர் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தால் அணைப்பார். புளியமரத்தடியில் மீன்காரம்மா. நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவர். பேரம் பேசும்போது அவர் குரல் வடிகாலுக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவரும் அந்த நேரத்தில் விலை சொல்லமாட்டார். வாங்க வந்தவர் கேட்டால், "சித்த இருங்க" என்று கையைக் காட்டுவார்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். தொழில் பழக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததாகவும் தெரியவில்லை. மீன்காரம்மா மட்டும் ஒரு காரணம் சொன்னார்.

"எங்க வீட்டு ஆம்பளைங்க கடலுக்குக் கிளம்புறப்ப நாங்க கூப்புட மாட்டோம், எங்க போறன்னும் கேக்க மாட்டோம். போற மொகத்தப் பாத்தாத் தெரியாதா? இவ மொகம் அன்னைக்கு அப்படித்தான் இருக்கும்."

புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவருக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு ஞாயிறு ஹெல்மெட் சோதனைக்கு நின்றவர் அக்காவைக் கைகாட்டி நிறுத்தினார். ஹெல்மெட் இருந்தது. லைசென்ஸ் கேட்டார், அக்கா எடுத்துக் கொடுத்தார். பெயர் கேட்டார், பதில் இல்லை. எங்கே போகிறீர்கள் என்றார், பதில் இல்லை. குரலை உயர்த்தினார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். போலீஸ்காரர் டீக்கடைப் பக்கம் திரும்பி, "என்னய்யா, இந்தம்மா ஊமையா?" என்று கேட்டார்.

மாஸ்டர் கிளாஸை வைத்தார். "ஊமையா? சார், நாளைக்குக் கடைக்கு வந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்க. காது வலிக்கலன்னா நான் கடைய மூடிர்றேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார். இதைக் கேள்விப்பட்ட பாதிரியார், பதில் சொல்வதற்கு ஒருவர் கூடப் போகட்டும் என்றார். ஓய்வில் இருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது. அக்காவின் ஸ்கூட்டிக்குப் பின்னால் என் வண்டியில் போவேன். யாராவது ஏதாவது கேட்டால் நான் பேச வேண்டும்.

அக்காவின் கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வீட்டில் அக்காவோடு இருந்தவர் மாமனார். அவர் சிற்றூரின் வேதியர். கத்தோலிக்கக் கிராமங்களில் வேதியர் என்றால் பாதிரியார் இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும், குருப்பட்டம் பெறாத பொதுநிலையினரில் ஒருவர். பிள்ளைகளுக்கு வேதபாடமான ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார், செபமாலை நடத்துவார், சாவு வீட்டில் செபம் சொல்வார். பிரசங்கமும் செய்வார். அக்காவின் மாமனார் தலை நரைக்கும் முன்பே அந்த வேலைக்கு வந்தவர். படுக்கையில் விழும் வரை விடவில்லை.

அவருடைய பிரசங்கங்களில் சிலவற்றை நான் கேட்டிருக்கிறேன். பைபிளை இரண்டு கைகளாலும் எடுப்பார். எடுக்கும்போது கைகள் நடுங்கும். வயதுக் கோளாறு என்று நினைத்தேன். ஆனால் அதே கைகள் வாசித்து முடித்த பிறகு உறுதியாக இருக்கும். திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் கதையை ஒரு நாள் வாசித்தார். காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த முதலாளியின் கதை. பெண்கள் பக்கத்தில் நடவு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வேலைக்குத் திரட்டிக் கூலி பிரித்துக் கொடுப்பவள் கொத்துக்காரி. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "கடைசி நாத்து முடி நட வந்தவளுக்கும் அதே கூலியா? கொத்துக்காரி சும்மா விடுவாளா?" என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

வேதியர் மேடையிலிருந்தே சொன்னார்: "விடமாட்டா தாயி. அதனாலதான் அது பரலோகம், இது நம்ம ஊரு."

கோயில் சிரித்து அடங்கியதும் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "பொழுது சாயுற வரைக்கும் ஒருத்தனும் கூப்புடாம நின்னானே, அவன் அன்னைக்கு வீட்டுல அடுப்பு எரியுமான்னு நெனச்சுக்கிட்டு நின்னிருப்பான்ல?" என்றார். அதோடு முடித்துக்கொண்டார். நடவு ஆட்கள் யாரும் முணுமுணுக்கவில்லை.

அவருக்கும் மருமகளுக்கும் நடுவில் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. பொதுநிலையினர் பிரசங்கம் செய்யலாம் என்பதைத் தன் வாழ்க்கையால் காட்டியவர், பொதுநிலையினர் நன்மையைத் தொடுவதை ஏற்கவில்லை. பக்கவாதம் வந்து படுத்த பிறகும் மருமகள் கையால் நன்மை வாங்க மறுத்துவிட்டார். மாதம் ஒரு முறை சாமி வரும்போதுதான் வாங்குவார். பாதிரியாரைச் சாமி என்பது அந்தத் தலைமுறையின் பழக்கம். மற்ற ஞாயிறுகளில் ஊரில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, நோயாளிகள் வீட்டுக்கும் போய்விட்டு வரும் அக்கா, தன் வீட்டில் ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாமல் சிமிழைத் துடைத்து வைப்பார்.

நான் இருக்கும்போதே ஒரு நாள் வாக்குவாதம் நடந்தது. அக்கா கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"சோறு என் கையில வாங்குறீங்க, மாத்திரை என் கையில வாங்குறீங்க. அது மட்டும் வாங்க மாட்டீங்க. நான் என்ன தீட்டா மாமா?"

"தீட்டுன்னு எவன் சொன்னான்? அப்படிச் சொல்றவன் வாயில போடு."

"பின்ன?"

வலது பக்கம் வாய் கோணியிருந்தாலும் பேச்சு புரியும்படிதான் இருந்தது. "வாராவாரம் எடுக்குற கை பழகிப்போயிடும்மா. சோத்துக்குக் கை பழகலாம். அதுக்குப் பழகக் கூடாது."

"அப்ப சாமிக்கு மட்டும் பழகாதா? அவரு தெனம் எடுக்குறாரே."

"அது அவரு பாடு. அவரு கடவுள்கிட்ட கணக்குச் சொல்லிக்குவாரு. உனக்கு ஏன் அந்தப் பாரம்?"

அக்கா துண்டால் அவர் வாயைத் துடைத்தார், கொஞ்சம் அழுத்தமாகவே.

வேதியர் படுத்த பிறகு சிற்றூர்க் கோயிலில் பிரசங்கம் நின்றுபோனது. பங்கிலிருந்து வரும் அச்சிட்ட தாளை யாராவது வாசிப்பார்கள். அக்காவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் பின்வாங்குவார். "எனக்கு வாய்தான் இருக்கு சார், பேச்சு வராது" என்பார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. சம்பா தூர் கட்டி நிற்கும் நேரம். வயலுக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணீர் நின்றது. பாதிரியார் தஞ்சாவூருக்கு ஒரு கூட்டத்துக்குப் போனவர் சாலைகள் துண்டிக்கப்பட்டு அங்கேயே மாட்டிக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அக்கா முழுக்க நனைந்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாமாவுக்கு மூச்சு வாங்குது சார். நர்சம்மா பாத்துட்டு, சொல்றவங்களுக்குச் சொல்லிடுங்கன்னுட்டாங்க. நன்னிலத்துலேருந்து நாத்தனார் வந்து பக்கத்துல உக்காந்திருக்கு. நேத்துலேருந்து ஒரே கேள்விதான், சாமி வந்தாச்சா, சாமி வந்தாச்சா."

பாதிரியாரிடம் போனில் பேசியிருக்கிறார். அவர் சொன்னது: "என்னால வர முடியாதும்மா. பேழைச் சாவி கோயில்பிள்ளைகிட்ட இருக்கு. நீங்களே எடுத்துட்டுப் போங்க. வாங்கச் சொல்லுங்க."

"வாங்க மாட்டாரு சார்" என்றார் அக்கா. "வாங்காமலே போயிடுவாரு. அத்தன வருஷம் கோயில்லயே கெடந்த மனுஷன், கடைசி நன்மை வாங்காமப் போவாரு. என் கையால."

கடைசி இரண்டு வார்த்தைகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. சாகக் கிடக்கும் கத்தோலிக்கருக்குக் கடைசியாகக் கொடுக்கும் நன்மை வழிப்பயணத்துக்கான உணவு. அது இல்லாமல் போவதைப் பழைய ஆட்கள் கட்டுச்சோறு இல்லாமல் தூரதேசம் போவது போலத்தான் நினைப்பார்கள். வேதியர் ஊரில் எத்தனையோ பேருக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து செபம் சொன்னவர்.

கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை, நன்மை வைத்திருக்கும் பேழையைத் திறந்தார். அக்கா முழங்காலில் நின்று ஒரே ஒரு அப்பத்தைச் சிமிழில் வைத்து மூடினார். பையைக் கழுத்தில் மாட்டி அதன்மேல் ரெயின்கோட்டைப் போட்டார். அந்த நொடியிலிருந்து பேச்சு நின்றது.

டீக்கடையில் கூட்டம். மழைக்கு ஒதுங்கியவர்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஞாயிறு இல்லை. எங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்கூட்டி முச்சந்தியைத் திரும்பியதும் மாஸ்டர் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார், பின்னால் வந்த என்னைப் பார்த்தார். பாட்டு நின்றது. வெள்ளிக்கிழமை அக்கா இப்படிப் போனால் அதன் பொருள் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

பாய் தொழுகைக்குக் கிளம்பத் தயாராக வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஸ்கூட்டியைக் கண்டதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். எங்கள் பக்கத்தில் சாவு ஊர்வலம் போகும்போது கடைக்காரர்கள் அப்படிச் செய்வார்கள். பிறகு குடையோடு சாலைக்கு வந்து என்னிடம் பேசினார்.

"பெரியவரா?"

"ஆமா பாய். இன்னும் உசுரு இருக்கு."

"வடிகால் தரைப்பாலம் முழுகிடுச்சு சார். காலைல இந்தத் தங்கச்சி வந்தப்ப கணுக்கால் அளவு, இப்பத் தொடைக்கு வந்திருக்கும். ஸ்கூட்டி போகாது." அவர் போனை எடுத்தார். "இருங்க, டிராக்டர் சொல்றேன்."

புளியமரத்தடியில் மீன்காரம்மா ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். புயல் எச்சரிக்கையால் படகுகள் போகவில்லை. கருவாடு விற்க வந்தவர் பஸ் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டார்.

டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் சேற்றுழவு அடிப்பவர். அவர் டிராக்டரில் பாட்டுப்பெட்டி இல்லாமல் நான் பார்த்ததில்லை. அன்று அது வாய் மூடிக் கிடந்தது. அக்கா ஏறி, சக்கரத்தின் மேல்மூடியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளும் நெஞ்சில், ரெயின்கோட்டுக்குள், சிமிழின் மேல். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. டிராக்டர் ஒரு குலுக்குக் குலுக்கியதும் சாய்ந்தார்.

"நிறுத்துய்யா!" என்றார் மீன்காரம்மா. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். அக்காவுக்குப் பின்னால் நின்று இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "என்ன பாக்குற? அவ கை ரெண்டும் வேலையா இருக்கு. அவளை ஒருத்தி புடிக்க வேணாமா? போ."

நான் மறுபக்கம் தொற்றிக்கொண்டேன். பாய் அங்கேயே நின்று போனில் பேசிக்கொண்டே இருந்தார்.

தரைப்பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் அகலமாக நகர்ந்துகொண்டிருந்தது. இழுப்பு அதிகம் இல்லை, ஆனால் பாலத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. ஒரு சக்கரம் விலகினால் டிராக்டர் வடிகாலுக்குள் கவிழும். டிரைவர் என்ஜினை ஓடவிட்டு, கியர் போடாமல், ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கரையிலிருந்து ஆட்கள் தண்ணீரில் இறங்கினார்கள். பாய் போனில் பேசியது அவர்களிடம்தான் என்று அப்போது புரிந்தது. முன்னால் இரண்டு பேர் மூங்கிலால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கான்கிரீட் விளிம்பு கிடைத்த இடத்தில் ஒவ்வொருவராக நின்றார்கள். பாலத்தின் இரண்டு ஓரத்திலும், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, இரண்டு வரிசை. கோயிலுக்கு வருகிறவர்கள் இருந்தார்கள், வராதவர்களும் இருந்தார்கள். திருநீறு மழையில் கரைந்து நெற்றியில் கோடாக வழிந்த ஒருவரை எனக்குத் தெரியும். மேலத்தெருக்காரர்; வாய்க்கால் முறை வைப்பதில் வேதியரோடு பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாதவர் அவர். தொடையளவு தண்ணீரில், கையை நீட்டி, பக்கத்தில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் கியர் போட்டார். டிராக்டர் அந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவில் நகர்ந்தது. யாரும் பேசவில்லை. பார்த்து, மெல்ல என்று கூட யாரும் சொல்லவில்லை. என்ஜின் சத்தமும் மழைச் சத்தமும்தான். நாங்கள் கடக்கக் கடக்க, பின்னால் இருந்தவர்கள் கையை விட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். தேர்பவனிகளையும் மாநாடுகளையும் எழுதிப் பழகியவன் நான். ஒருவரும் ஏற்பாடு செய்யாத, ஒருவரும் நடத்தாத ஒரு பவனியை அதற்கு முன் பார்த்ததில்லை.

வேதியரின் வீட்டில் இரும்புக் கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவர் மகள், அக்காவின் நாத்தனார், தலைமாட்டில் இருந்தார். வேதியரின் மூச்சு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது, ஆனால் கண்களில் தெளிவு இருந்தது. ஆட்கள் நுழைவதைப் பார்த்தார். சட்டைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளை அங்கியைத் தேடுவது தெரிந்தது. அது இல்லை. ஈர ரெயின்கோட்டோடு மருமகள் நின்றார்.

நாத்தனார் ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றினார். அக்கா சிமிழைத் துணியின் மேல் வைத்து முழங்காலிட்டார். பிறகு எழுந்து மூடியைத் திறக்கக் கை வைத்தார்.

வேதியர் இடது கையைத் தூக்கினார். விரல்கள் விரிந்திருந்தன. நிறுத்து என்ற சைகை.

வாசலில் நின்ற மீன்காரம்மா, "அட கடவுளே" என்று மூச்சுக்குள் சொன்னது கேட்டது. அக்கா கையை இழுத்துக்கொண்டார். இதைத்தான் அவர் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார்.

"வார்த்த எங்க?" என்றார் வேதியர்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்கு நன்மை கொண்டுபோனால் முதலில் பைபிளில் ஒரு பகுதியை வாசிக்க வேண்டும், அதன் பிறகுதான் நன்மை. வரிசை அதுதான். அவசரத்தில் அக்கா அதை மறந்துவிட்டார். அதற்கான சிறிய புத்தகம் ஸ்கூட்டியின் பெட்டிக்குள், வடிகாலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"மறந்துட்டேன் மாமா." அந்தச் சாலையில் ஏறிய பிறகு, வைக்க வேண்டிய இடத்தில் வைத்த பிறகு, அக்கா பேசிய முதல் வார்த்தை அது. "உங்க புஸ்தகத்த எடுத்து வாசிக்கிறேன்."

வேதியர் கண்ணால் மறுத்தார். "வாசிக்க நேரமில்ல. சொல்லு."

"என்ன சொல்றது?"

"பாத்ததச் சொல்லு. வார்த்த அதுலயும் இருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். ஏதோ பழக்கத்தில், பதில் சொல்வது நான்தான் என்பதுபோல. அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பாலம் முழுகிடுச்சு மாமா. எங்க இருக்குன்னே தெரியல. நான் தனியா வந்திருந்தா இங்க வந்திருக்க மாட்டேன். மாஸ்டர் பாட்ட நிறுத்துனாரு. பாய் தொழுகைக்குப் போறவரு, கடைய எறக்கிட்டு மழையில நின்னு டிராக்டரு சொன்னாரு. என் கை ரெண்டும் நெஞ்சுல இருந்துச்சு, இந்தம்மாதான் என்னப் புடிச்சுக்கிட்டு வந்துச்சு. வீட்டு வாசல் வரைக்கும் விடல, இன்னும் இடுப்பு வலிக்குது." வாசலில் ஒரு சிறு சிரிப்பு எழுந்து அடங்கியது. "பாலத்து ஓரம் தெரியலன்னு இவங்கல்லாம் தண்ணிக்குள்ள எறங்கி நின்னாங்க. மேலத்தெருக்காரரும் நின்னாரு மாமா. உங்ககிட்ட பேசாதவரு. ஒருத்தரும் எதுக்குன்னு கேக்கல. அவங்களுக்கு இது என்னன்னு தெரியுமோ தெரியாதோ. வழி விட்டாங்க. வழியாவே நின்னாங்க." மூக்கை ரெயின்கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டார். "நீங்க என் கை வேணாம்னீங்க. என் கை மட்டும் தூக்கிட்டு வரல மாமா. அவரா வந்தாரு. இத்தன பேரு கையப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. அவ்வளவுதான். எனக்குப் பேச்சு வராது."

வேதியர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல, கதை கேட்பவர்கள் போடுவதுபோல மெல்ல "ம்" போட்டுக்கொண்டிருந்தவர், முடிந்ததும் கண்ணைத் திறந்தார். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"கை நடுங்குதா?"

"நடுங்குது மாமா."

"குளுரா?"

அக்கா யோசித்தார். "இல்ல மாமா. ஒவ்வொரு வாரமும் நடுங்கும். வெளியில தெரியாம அழுத்திப் புடிச்சுக்குவேன்."

வேதியர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு மட்டும் இழுத்தது. பைபிளைத் தூக்கும்போது நடுங்கிய அவருடைய சொந்தக் கைகள் எனக்கு ஞாபகம் வந்தன.

"அப்ப குடு" என்றார்.

அக்கா மூடியைத் திறந்தார். அப்பத்தின் ஓரத்திலிருந்து ஒரு சிறு துணுக்கைக் கிள்ளினார். இந்த முறை நடுக்கத்தை மறைக்கவில்லை. விரல்கள் ஆடியது வாசலில் நின்றவர்களுக்குக் கூடத் தெரிந்தது. "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். வேதியர் "ஆமென்" என்று சொல்லி வாயைத் திறந்தார், கோணிய வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு. நாத்தனார் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. வாசலில் நின்றவர்கள், நனைந்தவர்கள், யார் என்ன நம்புகிறவர்களோ, எல்லோரும் அந்தத் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இறங்கியதும் பலபேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

அக்கா மீதி அப்பத்தைத் தான் உட்கொண்டு, சிமிழைத் துடைத்து மூடினார். பிறகு திரும்பி, "எல்லாரும் இப்படி நனைஞ்சு நிக்கிறீங்களே, துண்டு எடுத்துட்டு வரவா? மேலத்தெருக்காரரே, உள்ள வாங்க, மாமா பக்கத்துல உக்காருங்க. டீ போடறேன், பாலு இல்ல, கருப்பு டீதான், சர்க்கரை இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"வந்துட்டா பழைய ஆளு" என்றார் மீன்காரம்மா. அவர் கண்களும் ஈரமாக இருந்தன.

மேலத்தெருக்காரர் உள்ளே வந்து கட்டிலின் காலடியில் உட்கார்ந்தார். வேதியர் அவரைப் பார்த்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மேலத்தெருக்காரர் எழுந்து போகவும் இல்லை. பொழுது சாயும் முன் வேதியரின் மூச்சு அடங்கியபோதும் அவர் அங்கேதான் இருந்தார் என்று பிறகு அக்கா சொன்னார்.

நான் அதற்கு முன்பே டிராக்டரில் திரும்பினேன். பாலத்தில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. தொழுகை முடித்து வந்த பாய் கடை வாசலில் காத்திருந்தார். ஷட்டர் இன்னும் பாதியில் நின்றது. டீக்கடையிலிருந்து மாஸ்டரும் வந்து நின்றார். பாட்டு போடவில்லை.

"பெரியவரு வாங்கிக்கிட்டாரா சார்?" என்று கேட்டார் பாய்.

அந்தச் சாலையில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. நான் வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. ஆமென்று தலையை ஆட்டினேன்.

பாய் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் ஷட்டரை முழுவதும் தூக்கினார்.